பழைய மின்னணு ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்த்தல்

பழைய மின்னணு ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்த்தல் என்பது, ஆண்டுகள் பல கடந்து முதுமையடைந்த அலைவுகாட்டி, சைகை இயற்றி, மின்னழுத்தமானி, அதிர்வெண் எண்ணி, மின்வழங்கி போன்ற அளவீட்டுக் கருவிகளில் உள்ள பழுதைக் கண்டறிந்து நீக்கி, அவை காட்டும் அளவு சரியானதே என்று உறுதிசெய்யும் பணியாகும். இது மூன்று படிகளைக் கொண்டது: பழுதறிதல், பழுது நீக்கல், அளவுத்திருத்தம். வானொலிப் பெட்டியில் பாட்டு கேட்டுவிட்டால் வேலை முடிந்தது. அளவீட்டுக் கருவி அவ்வாறல்ல. அது இயங்கத் தொடங்கிய பின்னரும், சரியாக அளக்கிறதா என்ற வினா எஞ்சியிருக்கும். மூன்றாவது படி இன்றியமையாதது ஆவது இதனால்தான்.

இயங்காத கருவியை எவரும் நம்புவதில்லை. இயங்கிக்கொண்டே தவறான அளவைக் காட்டும் கருவியே இடர் மிக்கது. மின்னோட்டம் உள்ள கம்பியில் மின்னழுத்தம் இல்லை என்று ஒரு மின்னழுத்தமானி காட்டினால், அதை நம்பிக் கை வைப்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே பழைய கருவிகளைப் பழுதுபார்ப்பவர் இரண்டு பொறுப்புகளை ஏற்கிறார்: வேலையின்போது தம் பாதுகாப்பு, வேலைக்குப் பின் அக்கருவியைப் பயன்படுத்துவோரின் பாதுகாப்பு.

பின்னணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மின்னணு அளவீட்டுக் கருவிகளின் தொழில் விரைந்து வளர்ந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வில்லியம் ஹியூலெட், டேவிட் பக்கார்டு ஆகியோர் 1939-இல் தொடங்கிய ஹியூலெட்-பக்கார்டு நிறுவனத்தின் முதல் விளைபொருள் 200ஏ என்னும் கேளொலி அலையியற்றியாகும். ஒரேகான் மாநிலத்தில் 1946-இல் தொடங்கப்பட்ட டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1947-இல் 511 என்னும் அலைவுகாட்டியை வெளியிட்டது. சைகையின் தொடக்கத்தோடு இணைந்தே திரையில் கோடு வரையத் தொடங்கும் டிரிக்கர் முறை, அலைவுகாட்டியை உண்மையான அளவுக்கருவியாக ஆக்கியது.

அக்காலக் கருவிகள் தனித்தனி உறுப்புகளால் ஆனவை. ஒவ்வொரு மின்தடையாக்கியும் டிரான்சிஸ்டரும் கண்ணுக்குத் தெரியும். கையால் கழற்ற முடியும். கருவியுடன் வழங்கப்பட்ட கையேட்டில் முழுச் சுற்றுப்படம், ஒவ்வொரு பகுதியும் இயங்கும் விளக்கம், குறிப்பிட்ட புள்ளிகளில் இருக்க வேண்டிய மின்னழுத்தம், அலைவடிவம் ஆகியன அச்சிடப்பட்டிருந்தன. அரை நூற்றாண்டு கழிந்தும் இக்கருவிகளை உயிர்ப்பிக்க முடிவதற்கு இக்கையேடுகளே முதன்மைக் காரணம். இவற்றுள் பல இன்று இணையத்தில் படிகளாகக் கிடைக்கின்றன.

கல்லூரி ஆய்வகங்களிலும் தொழிற்கூடங்களிலும் ஒதுக்கி வைக்கப்பட்ட இத்தகைய கருவிகளில் பெரும்பகுதி நன்றாகவே இருந்து, ஒன்றிரண்டு உறுப்புகள் மட்டும் கெட்டிருப்பது வழக்கம். எந்த உறுப்புகள் எவ்வாறு முதுமையடைகின்றன என்று அறிந்தவருக்குப் பழுதைத் தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

முதுமையடையும் உறுப்புகள்

மின்பகுளி மின்தேக்கிகள்: பழைய கருவிகளில் முதலில் ஐயப்பட வேண்டிய உறுப்பு இதுவே. அலுமினியத் தகட்டின் மேல் உள்ள மிக மெல்லிய ஆக்சைடு படலம் இதில் மின்காப்பாகவும், ஈரமான மின்பகுளி ஒரு மின்வாயாகவும் செயற்படுகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல மின்பகுளி அடைப்பின் வழியே ஆவியாகிறது. அதனால் மின்தேக்குதிறன் குறைந்து, உள் மின்தடை கூடுகிறது. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் இதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது தொழில்நுட்பத்தாரிடையே வழங்கும் பொது விதி. எனவே மின்மாற்றிக்கும் வெப்பத் தகட்டுக்கும் அருகில் உள்ள மின்தேக்கிகள் முந்திக் கெடும். 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த, பலகையின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கப்படும் சிறு மின்தேக்கிகள் பலவற்றில் மின்பகுளி கசிந்து, அடியில் உள்ள செப்புத் தடங்களையே அரித்துவிடும்.

டாண்டலம் மின்தேக்கிகள்: இவை உலர்ந்துபோவதில்லை, கெடும்போது பெரும்பாலும் குறுக்குச்சுற்றாகின்றன. நேற்று வரை நன்றாக இருந்த கருவி இன்று திடீரென முற்றிலும் நின்றுபோவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். மின்வழங்கி வலுவானதாக இருந்தால் இம்மின்தேக்கி புகைந்து எரிவதும் உண்டு.

தாள் மின்தேக்கிகள்: உயர் மின்னழுத்தப் பகுதியில் வெற்றிடக் குழல் காலத்து மெழுகுத்தாள் மின்தேக்கிகள் ஈரத்தை உறிஞ்சி மின்னோட்டத்தைக் கசியவிடும். மின்வாரிய இணைப்பில் வரும் இரைச்சலை வடிகட்டப் பயன்பட்ட, ஒளி ஊடுருவும் பிசின் உறையிட்ட உலோகத்தாள் மின்தேக்கிகள் இன்னொரு வகை. அவற்றின் உறையில் வெடிப்புகள் தோன்றி ஈரம் புகுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் கடும் நாற்றத்துடன் புகை கக்குவது பெரும்பாலும் இவையே. கருவிக்கு இதனால் பெருஞ்சேதம் நேர்வதில்லை என்றாலும், மின்சாரம் கொடுக்கும் முன்பே இவற்றை மாற்றிவிடுவது நல்லது.

மின்தடையாக்கிகளும் அலைதிருத்திகளும்: கரிக்கலவை மின்தடையாக்கிகளின் மதிப்பு காலப்போக்கில் உயர்ந்துகொண்டே போகும். 100 கிலோ ஓம் என்று நிறவளையம் சொல்லும் உறுப்பு 130 கிலோ ஓம் காட்டுவது வியப்பன்று. 1950களின் கருவிகளில் உள்ள செலினிய அலைதிருத்தித் தகடுகள் முதுமையில் தாமே அதிக மின்னழுத்தத்தை விழுங்குவதால் வெளியீடு குறைகிறது. எரிந்தால் நச்சுப் புகை வரும். அவற்றுக்குப் பதிலாகச் சிலிக்கான் டையோடுகளைப் பொருத்தும்போது வெளியீடு இருக்க வேண்டியதைவிட உயர்ந்துவிடும். அதைக் குறைக்கத் தகுந்த மின்தடையாக்கி ஒன்றைத் தொடரிணைப்பில் சேர்க்க வேண்டும்.

டிரான்சிஸ்டர்கள்: பொதுவாக நீண்ட ஆயுள் உடையவை. ஆயினும் 1960களில் ஐரோப்பாவில் பரவலாகப் பயன்பட்ட ஏஎஃப்114 முதல் ஏஎஃப்117 வரையிலான ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களில் ஒரு விந்தையான கேடு உண்டு. உறையின் உட்புறத்திலிருந்து மயிரினும் மெல்லிய வெள்ளீய இழைகள் தாமாகவே வளர்ந்து, உள்ளிருக்கும் மின்வாய்களை உறையோடு இணைத்துவிடும். உறையோடு சேர்ந்த நான்காவது கம்பியை வெட்டிவிட்டால் சில வேளை அது மீண்டும் இயங்கும்.

சுவிட்சுகளும் தொடுமுனைகளும்: பழுது என்று கருதப்படுவனவற்றுள் கணிசமானவை வெறும் அழுக்கே. குமிழைத் திருப்பும்போது கோடு துள்ளினால், ஓர் எல்லையில் மட்டும் அளவு பிழைத்தால், தட்டினால் சரியானால், முதலில் சுத்தம் செய்ய வேண்டியது தொடுமுனைகளையும் ஐ.சி. செருகுதளங்களையும்தான்.

நினைவகமும் மின்கலமும்: 1980களுக்குப் பிந்தைய எண்முறைக் கருவிகளில் அளவுத்திருத்த எண்கள் மின்கலத்தின் துணையால் நிலைத்திருக்கும் நினைவகத்தில் சேமிக்கப்பட்டன. மின்கலம் தீர்ந்தால் அந்த எண்கள் அழிந்துவிடும். உறுப்புகள் எல்லாம் நன்றாக இருந்தும் கருவி அளக்கும் தகுதியை இழக்கும். புறஊதா ஒளியால் அழிக்கப்படும் வகையைச் சேர்ந்த நிரல் நினைவகங்களும் ஆண்டுகள் பல செல்லத் தம் மின்னூட்டத்தை இழக்கக்கூடும். ஆகவே இத்தகைய கருவியில் செய்ய வேண்டிய முதல் வேலை, நினைவகத்தில் உள்ளதைப் படித்துப் படியெடுத்து வைப்பதே. நிக்கல்-காட்மிய மின்கலங்கள் கசிந்தால் காரத்தன்மை கொண்ட நீர்மம் பலகையை அரிக்கும். அவற்றை உடனே அகற்ற வேண்டும்.

பாதுகாப்பு

கருவியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணுவது தவறு. 400 வோல்ட்டுக்கு மின்னேற்றப்பட்ட 100 மைக்ரோஃபாரடு மின்தேக்கியில் 8 ஜூல் ஆற்றல் இருக்கும். அது நெஞ்சின் வழியே பாய்ந்தால் உயிரைப் பறிக்கப் போதுமானதாகலாம். மின்தேக்கிகளைத் தகுந்த மின்தடையாக்கியின் வழியே மின்னிறக்கம் செய்து, பின்னர் மீட்டரால் அளந்து உறுதிசெய்த பிறகே கை வைக்க வேண்டும். திருப்புளியால் குறுக்கிணைப்பது தீப்பொறியையும் உறுப்புச் சேதத்தையும் உண்டாக்கும்.

கேத்தோடு கதிர்க்குழாய் கொண்ட கருவிகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் இருக்கும். விரைவான அலைவுகாட்டிகளில் அது 10,000 வோல்ட்டையும் தாண்டும். மின்சாரம் நிறுத்திய பின்னரும் குழாயின் கண்ணாடியே ஒரு மின்தேக்கி போல மின்னூட்டத்தை வைத்திருக்கும். உள்ளே வெற்றிடம் இருப்பதால், குழாய் உடைந்தால் கண்ணாடித் துண்டுகள் வேகமாகத் தெறிக்கும்.

அனுபவம் உள்ளோர் கடைப்பிடிக்கும் விதிகள் சில:

1. தனியாக வேலை செய்யாமை. மின்சாரத்தை நிறுத்தத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.
2. மின்சாரம் உள்ள சுற்றில் ஒரு கையால் மட்டும் அளத்தல். மற்றொரு கை கருவியின் உடலையோ மேசை உலோகத்தையோ தொடக்கூடாது.
3. மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைத்தல்.
4. மின்கம்பியின் புவித்தொடர்பு முனையை ஒருபோதும் துண்டிக்காமை. அலைவுகாட்டியின் உடல் புவியோடு இணைந்திருப்பது பயன்படுத்துவோரின் பாதுகாப்புக்காகவே.
5. அளக்கும் மீட்டரை வேலைக்கு முன்னும் பின்னும் தெரிந்த ஒரு மின்னழுத்தத்தில் சோதித்தல்.

சில உறுப்புகளே நச்சுத்தன்மை கொண்டவை. சில உயர்திறன் டிரான்சிஸ்டர்களில் வெண்ணிறப் பெரிலிய ஆக்சைடு உண்டு. அதை அறுப்பதோ உரசுவதோ கூடாது. பழைய எண்ணெய் மின்தேக்கிகள் சிலவற்றில் உள்ள எண்ணெயும் கேடு தருவது.

முதன்முறை மின்சாரம் கொடுத்தல்

நெடுநாள் கிடப்பில் இருந்த கருவியை நேராக மின்செருகியில் மாட்டக்கூடாது. முதலில் கருவியின் பின்புறத்தில் உள்ள மின்னழுத்தத் தேர்வைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த கருவி 115 வோல்ட்டுக்கு அமைந்திருந்து, அதை 230 வோல்ட்டில் இணைத்தால், வெறும் மின்தடையாக இருந்தாலே நான்கு மடங்கு திறன் பாயும். மின்மாற்றியிலோ உள்ளகம் காந்தத் தெவிட்டு நிலையை அடைந்து இன்னும் மிகையான மின்னோட்டம் பாயும். 60 ஹெர்ட்சுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்டிருந்தால், 50 ஹெர்ட்சில் மின்மாற்றி கூடுதலாகச் சூடாகும். அடுத்து, உருகியின் மதிப்பு கையேட்டில் உள்ளதுதானா என்று சரிபார்க்க வேண்டும். உருகிக்குப் பதில் செம்புக் கம்பியோ ஈயத்தாளோ சுற்றப்பட்டிருந்தால், முன்னர் எவரோ பழுதின் காரணத்தைத் தேடாமல் விட்டிருக்கிறார் என்று பொருள்.

மின்பணியாளர்கள் பயன்படுத்தும் சீரீஸ் லாம்ப் இங்குப் பெரிதும் உதவும். 60 அல்லது 100 வாட் இழை விளக்கு ஒன்றைக் கருவியோடு தொடரிணைப்பில் வைத்து மின்சாரம் கொடுத்தால், உள்ளே குறுக்குச்சுற்று இருக்கும்போது விளக்கு பிரகாசமாக எரியும், கருவி தப்பிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் விளக்கு ஒரு கணம் எரிந்து மங்கும். எல்.இ.டி. விளக்கு இதற்குப் பயன்படாது; சூடேறும்போது மின்தடை உயரும் இழை விளக்கே வேண்டும். நிலைமாற்றி வகை மின்வழங்கி கொண்ட கருவிகளில் குறைந்த மின்னழுத்தமே அவற்றைத் தடுமாறச் செய்யும் என்பதால் இம்முறையைக் கவனத்துடன் கையாள வேண்டும்.

வெற்றிடக் குழல் கருவிகளில் மாறு மின்மாற்றியின் வழியே மின்னழுத்தத்தைச் சில மணி நேரத்தில் சிறிது சிறிதாக உயர்த்துவது உண்டு. நலிந்துபோன ஆக்சைடு படலம் இதனால் மீண்டும் உருவாகக்கூடும். ஆனால் உலர்ந்துபோன மின்பகுளி இதனால் திரும்பி வராது.

பழுதறியும் முறை

உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிப்பது பழுதறிதல் அன்று. அது நேரத்தை வீணாக்குவதோடு, பழைய பலகையின் செப்புத் தடங்களையும் பெயர்த்துவிடும். முறையான பழுதறிதல் சான்றுகளைச் சேர்ப்பதில் தொடங்குகிறது.

அறிகுறியைத் துல்லியமாக எழுதுதல்: "வேலை செய்யவில்லை" என்பது அறிகுறி அன்று. "விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரையில் கோடு இல்லை" என்பதே அறிகுறி. முன்பலகையில் உள்ள ஒவ்வொரு குமிழையும் திருப்பிப் பார்த்து, எவை விளைவு தருகின்றன, எவை தரவில்லை என்று பட்டியலிட்டாலே பழுதுள்ள பகுதி ஓரளவு புலப்படும். பழுது என்று கொண்டுவரப்பட்ட கருவியில் தவறாக வைக்கப்பட்ட ஒரு சுவிட்ச் மட்டுமே காரணமாக இருப்பதும் உண்டு.

புலன்களால் ஆராய்தல்: கருகிய மின்தடையாக்கி, புடைத்த மின்தேக்கி, அரிப்பின் பச்சை நிறம், விரிசல் விட்ட பற்றாசு, கசிந்த மின்பகுளியின் மீன் நாற்றம் ஆகியன மீட்டர் இல்லாமலே தெரிபவை. எதையும் தொடும் முன் பலகையை ஒளிப்படம் எடுத்துவைப்பது, பின்னர் கம்பிகளைச் சரியான இடத்தில் இணைக்க உதவும்.

மின்வழங்கியை முதலில் அளத்தல்: மின்வழங்கி தவறினால் மற்ற எல்லாப் பகுதிகளும் தவறாகவே இயங்கும். எனவே ஒவ்வொரு வெளியீட்டின் மின்னழுத்தத்தையும், அதன்மேல் உள்ள சிற்றலையையும் அளக்க வேண்டும். சிற்றலையின் அதிர்வெண்ணே ஒரு செய்தியைச் சொல்லும். 50 ஹெர்ட்சு மின்சாரத்தில் முழு அலைதிருத்தியின் சிற்றலை 100 ஹெர்ட்சாக இருக்க வேண்டும். 100 ஹெர்ட்சில் சிற்றலை மிகுந்திருந்தால் மின்தேக்கி உலர்ந்துவிட்டது எனலாம். 50 ஹெர்ட்சாக இருந்தால் டையோடுகளுள் ஒன்று திறந்துவிட்டது என்று ஐயுறலாம்.

இதை எளிய கணக்கால் விளக்கலாம். மின்தேக்கியிலிருந்து 1 ஆம்பியர் மின்னோட்டம் 10 மில்லி நொடி பாய்ந்தால், 3,000 மைக்ரோஃபாரடு மின்தேக்கியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 3.3 வோல்ட் குறையும். அதே மின்தேக்கி முதுமையால் 1,000 மைக்ரோஃபாரடு ஆகிவிட்டால் குறைவு 10 வோல்ட். அப்போது பின்னால் உள்ள சீராக்கிக்குத் தேவையான மின்னழுத்தம் ஒவ்வோர் அரைச் சுற்றிலும் இல்லாமற்போகும். சீராக்கி கெட்டதுபோலத் தோன்றும். உண்மையில் கெட்டது மின்தேக்கி.

பாதியாகப் பிரித்தல்: ஒரு சைகை 16 கட்டங்களைக் கடந்து செல்கிறது என்றால், முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதிக்கப் பதினைந்து அளவீடுகள் வரை தேவைப்படலாம். நடுவில், அதாவது எட்டாவது கட்டத்தின் முடிவில், சோதித்தால் பழுது முதற்பாதியிலா பிற்பாதியிலா என்று தெரியும். இவ்வாறு நான்கே அளவீடுகளில் பழுதுள்ள கட்டத்தை அடையலாம். தன் வெளியீட்டைத் தானே திருப்பி எடுத்துக்கொள்ளும் பின்னூட்டச் சுற்றுகளில் இம்முறை நேராகப் பயன்படாது. வளையத்தை ஓரிடத்தில் முறித்த பிறகே பகுக்க முடியும்.

இணையோடு ஒப்பிடுதல்: இரு தடங்கள் கொண்ட அலைவுகாட்டியில் இரண்டும் ஒரே அமைப்புடையவை. நன்றாக உள்ள தடத்தின் மின்னழுத்தங்களைப் பழுதான தடத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டால், கையேடு இல்லாமலே பழுதை நெருங்கலாம்.

வெப்பமும் குளிரும்: சூடான பிறகு மட்டும் தோன்றும் பழுதுக்கு, முடி உலர்த்தியால் ஒரு பகுதியை மட்டும் சூடாக்கியும், குளிர்விக்கும் தெளிப்பானால் ஓர் உறுப்பை மட்டும் குளிர்வித்தும் சோதிப்பார்கள்.

எடுத்துக்காட்டு: டெக்ட்ரானிக்ஸ் 465

1972-இல் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 465, கையில் தூக்கிச் செல்லக்கூடிய, இரு தடங்கள் கொண்ட, 100 மெகாஹெர்ட்சு பட்டை அகலம் உள்ள அலைவுகாட்டியாகும். உலகெங்கும் பெருமளவில் பயன்பட்டதாலும் கையேடு தெளிவாக இருப்பதாலும், பழுதுபார்ப்பைக் கற்போருக்கு இது நல்ல பாடக்கருவியாக விளங்குகிறது.

இதன் தாழ் மின்னழுத்த வழங்கிகள் ஐந்து: 110, 55, 15, 5 வோல்ட் ஆகிய நேர் வழங்கிகளும், 8 வோல்ட் எதிர் வழங்கியும். 55 வோல்ட் வழங்கியே மற்றவற்றுக்கு மேற்கோள் ஆகும். அது பிழைத்தால் பிறவும் பிழைக்கும் என்பதால் அளவீடு அங்கிருந்தே தொடங்குகிறது.

இக்கருவியில் அடிக்கடி காணப்படும் பழுது, ஏதேனும் ஒரு வழங்கியில் மின்னழுத்தமே இல்லாமற்போவது. வழங்கி கெட்டதா, அதன்மேல் உள்ள சுமை கெட்டதா என்பதே முதல் வினா. மின்சாரத்தை நிறுத்தி, அந்த வழங்கிக்கும் உடலுக்கும் இடையே மின்தடையை அளந்தால் விடை கிடைக்கும். அது 2 ஓம் போன்று மிகச் சிறிதாக இருந்தால், எங்கோ ஓர் உறுப்பு குறுக்குச்சுற்றாகியுள்ளது. பெரும்பாலும் அது ஒரு டாண்டலம் மின்தேக்கியே. ஆனால் அந்த வழங்கியில் இத்தகைய மின்தேக்கிகள் பல பலகைகளில் பரவி இருக்கும். எல்லாவற்றையும் கழற்றத் தேவையில்லை. பலகைகளுக்குச் செல்லும் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தால், எந்தப் பலகையைப் பிரிக்கும்போது மின்தடை உயர்கிறதோ அங்கேதான் பழுது. பின்னர் மின்னோட்ட வரம்பு கொண்ட வெளி மின்வழங்கியால் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்து, செப்புத் தடத்தின் வழியே மில்லி வோல்ட்டுகளை அளந்துகொண்டே போனால், மின்னோட்டம் எந்த உறுப்பை நோக்கிப் பாய்கிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பழுது, வழங்கிகள் எல்லாம் சரியாக இருந்தும் திரையில் கோடு தெரியாதது. இதற்கென்றே முன்பலகையில் பீம் ஃபைண்டர் என்னும் பொத்தான் உண்டு. எங்கோ விலகிச் சென்ற கதிரை இது திரைக்குள் சுருக்கிக் காட்டும். அதை அழுத்தும்போது ஒளிப்புள்ளி தோன்றினால், கதிர்க்குழாயும் உயர் மின்னழுத்தமும் நலமாக உள்ளன. பழுது விலக்கப் பெருக்கியில் இருக்கிறது. எதுவுமே தோன்றாவிட்டால் உயர் மின்னழுத்தப் பகுதியை ஆராய வேண்டும். அது அனுபவம் உள்ளவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை.

செங்குத்து விலக்கப் பெருக்கி, சம எதிர்ச் சைகைகளைக் கடத்தும் இரட்டைப் பாதைகளால் ஆனது. இரு பாதைகளையும் ஒரு கட்டத்தின் உள்ளீட்டில் ஒன்றாக இணைத்தால், அதற்குப் பின்னுள்ளவை நலமாக இருக்கும் நிலையில் கோடு திரையின் நடுப்பகுதிக்கு வரும். கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கட்டமாகப் பின்னோக்கி வந்தால், எங்கே கோடு நடுவுக்கு வர மறுக்கிறதோ அந்தக் கட்டமே பழுதானது. எங்கே இணைக்கலாம், எங்கே இணைக்கக் கூடாது என்பதைச் சுற்றுப்படத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

உறுப்புகளை மாற்றுதல்

புதிய உறுப்பு பழையதன் மதிப்பை மட்டும் அன்றி, அதன் பணியையும் ஒத்திருக்க வேண்டும். ஹியூலெட்-பக்கார்டு 200ஏ அலையியற்றியின் உள்ளே ஒரு சிறு இழை விளக்கு உண்டு. அதை வெறும் காட்டி விளக்கு என்று எண்ணி வேறொன்றை மாற்றினால் கருவியின் தரமே கெட்டுவிடும். வெளியீடு உயர்ந்தால் விளக்கின் இழை சூடாகி மின்தடை கூடும். அதனால் பெருக்கம் தானே குறைந்து அலையின் உயரம் நிலைபெறும். விளக்கின் இந்தப் பண்பே அக்கருவியின் சிறப்பு.

1950, 60களின் டெக்ட்ரானிக்ஸ் 500 வரிசைக் கருவிகளில் உறுப்புகள் வெள்ளி பூசிய பீங்கான் பட்டைகளில் பற்றவைக்கப்பட்டிருக்கும். சாதாரண ஈயப் பற்றாசு அந்த வெள்ளிப் பூச்சைக் கரைத்துவிடும் என்பதால், ஏறத்தாழ 3 விழுக்காடு வெள்ளி கலந்த பற்றாசைப் பயன்படுத்த வேண்டும். இதற்கெனச் சிறு சுருள் ஒன்றை நிறுவனமே கருவியின் உள்ளே வைத்து அனுப்பியது.

அந்நிறுவனம் உறுப்புகளுக்குத் தன் சொந்த எண்களை வழங்கியது. 151 என்று தொடங்குவது டிரான்சிஸ்டர். இவற்றுள் பலவற்றுக்கு இன்றும் கிடைக்கும் பொதுவகை மாற்று உண்டு. 155 என்று தொடங்குவது நிறுவனமே தனக்கெனத் தயாரித்த ஐ.சி. அதற்கு வெளியில் மாற்று கிடையாது. பழுதான வேறொரு கருவியிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

தணிப்பான் சுவிட்சின் தங்கம் பூசிய மெல்லிய தொடுமுனைகளைத் தெளிப்பானால் நனைக்கவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்ககாலில் நனைத்த காகிதத் துண்டைத் தொடுமுனைகளுக்கு இடையே வைத்து மெதுவாக இழுப்பது போதும். உள்ளே இருக்கும் திருத்தக் குமிழ்களைப் பழுது நீங்கும் முன் திருப்பக் கூடாது. அவை நேற்று வரை சரியான இடத்தில்தான் இருந்தன. பழுதை மறைக்க அவற்றைத் திருப்பினால் ஒன்றுக்குப் பதில் இரண்டு பழுதுகளாகும்.

அளவுத்திருத்தம்

பழுது நீங்கிய பின் கருவியைக் குறைந்தது அரைமணி நேரம் சூடாக விட்டு, அதன் அளவுகளை நம்பகமான வேறொன்றோடு ஒப்பிட வேண்டும். அலைவுகாட்டியில் சரிபார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது, செங்குத்து அளவு: தெரிந்த மின்னழுத்தத்தைக் கொடுத்துத் திரையின் கட்டங்களை எண்ண வேண்டும். இரண்டாவது, கால அளவு: படிக அலையியற்றியின் 1 மெகாஹெர்ட்சு சைகையில் ஓர் அலை சரியாக 1 மைக்ரோ நொடி இருக்க வேண்டும். மூன்றாவது, ஏறுநேரம்: 0.35 என்ற எண்ணைப் பட்டை அகலத்தால் வகுத்தால் ஏறுநேரம் ஏறத்தாழக் கிடைக்கும். 100 மெகாஹெர்ட்சு கருவிக்கு அது 3.5 நானோ நொடி. மிக விரைவாக எழும் ஒரு துடிப்பைக் கொடுத்தும் திரையில் 7 நானோ நொடி தெரிந்தால், கருவி தன் விரைவில் பாதியை இழந்திருக்கிறது. சதுர அலையைக் காட்டி புரோப்பையும் சரிசெய்த பிறகே இம்முடிவுக்கு வர வேண்டும்.

வீட்டிலோ பள்ளியிலோ செய்யும் ஒப்பீடு கற்றலுக்குப் போதும். மருத்துவம், தொழில், ஆய்வு ஆகியவற்றுக்குப் பயன்படும் அளவு, தேசியத் தரத்தோடு சங்கிலித் தொடராக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தியாவில் அத்தரங்களைப் புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் பேணுகிறது; அளவுத்திருத்தக் கூடங்களுக்கு என்.ஏ.பி.எல். அமைப்பு ஏற்பளிக்கிறது. இவ்வாறு சரிபார்க்கப்படாத கருவியின் மேல் "அளவுத்திருத்தம் செய்யப்படவில்லை" என்று சீட்டு ஒட்டிவைப்பது பழுதுபார்த்தவரின் கடமை.

கைவிட வேண்டிய நிலை

எல்லாக் கருவிகளையும் மீட்க முடியாது. மின்மாற்றியின் சுருள் எரிந்தவை, கதிர்க்குழாயின் ஒளிர்பொருள் கருகியவை, தனிவகை ஐ.சி. கெட்டவை, கசிவால் பலகை முழுதும் அரிக்கப்பட்டவை ஆகியன பெரும்பாலும் பிற கருவிகளுக்கு உறுப்பு தருவனவாகவே பயன்படும். மின்காப்புச் சோதனையில் தேறாத கருவியை, அது எவ்வளவு நன்றாக இயங்கினாலும், மாணவர் கையில் கொடுக்கக் கூடாது.

கல்விப் பயன்

மின்னணுச் சுற்று வடிவமைப்பில் புகழ்பெற்ற அமெரிக்கப் பொறியாளர் ஜிம் வில்லியம்ஸ் (1948–2011) பழைய அளவீட்டுக் கருவிகளைப் பழுதுபார்ப்பதில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். பழுதுபார்த்தலின் முக்கியத்துவம் குறித்துத் தனிக் கட்டுரையும் எழுதியுள்ளார். நன்கு வடிவமைக்கப்பட்ட கருவியைப் பழுதுபார்ப்பவர், அதை வடிவமைத்தவர் ஏன் இப்படிச் செய்தார் என்று ஒவ்வோர் உறுப்பிலும் கேட்க வேண்டியிருக்கிறது. ஓம் விதி, மின்தேக்கியின் மின்னிறக்கம், அலைதிருத்தி, பின்னூட்டம் என்று பாடநூலில் தனித்தனியாக உள்ளவை ஒரே பலகையில் ஒன்றாகச் செயற்படுவதை அவர் காண்கிறார்.

மாணவர்கள் இப்பணியைத் தொடங்க ஏற்றவை மின்கலத்தால் இயங்கும் மல்டிமீட்டர், 30 வோல்ட்டுக்கு உட்பட்ட மின்வழங்கியின் வெளியீட்டுப் பகுதி, டிரான்சிஸ்டர் வகைச் சைகை இயற்றி ஆகியன. மின்வாரிய இணைப்புள்ள பகுதியையும் கதிர்க்குழாய்க் கருவிகளையும் ஆசிரியர் அல்லது தேர்ந்த தொழில்நுட்பர் உடனிருந்தாலன்றித் திறக்கக் கூடாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குறிப்பேடு வைத்து, அறிகுறி, அளந்த மின்னழுத்தங்கள், மாற்றிய உறுப்பு, நாள், அளவுத்திருத்த முடிவு ஆகியவற்றைப் பதிந்து கருவியோடு சேர்த்து வைத்தால், அடுத்த முறை அதைத் திறப்பவர் தொடக்கத்திலிருந்து தேட வேண்டியிராது.